ஓல்டு ஃபேஷன்ட் கசாயம்போல் இருந்தால்: பிட்டர்ஸ் பற்றி ஒரு பதில்

கேட்டவர் எங்கள் சுங்கை சிப்புட் தம்பிதான், இப்போது வேலை கோலாலம்பூரில். லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு பர்பன் (அமெரிக்க விஸ்கி) பாட்டிலும், ஈப்போவில் ஒரு அங்கோஸ்துரா பிட்டர்ஸும் (கசப்பு வேரும் வாசனைச் சரக்கும் சாராயத்தில் ஊறிய சாறு, துளித்துளியாக விடுவது) வாங்கி, வீட்டிலேயே ஓல்டு ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயிலைச் செய்து பார்த்திருக்கிறார். "அண்ணே, முதல் வாய் கசாயம், கடைசி வாய் சீனித்தண்ணி. பிட்டர்ஸை மாத்தணுமா? எந்த விஸ்கிக்கு எது சேரும்? எத்தனை டேஷ் போடணும்? தீபாவளிக்கு எட்டுப் பேர் வர்றாங்க" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் வாய் கசந்து கடைசி வாய் இனித்தது என்றால் பிட்டர்ஸில் குறையில்லை. உங்கள் சீனிக்கட்டி கரையவே இல்லை.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால் வெட்டியவர்கள். காய்ச்சல் என்றால் லயத்துக்குப் பின்னால் முளைத்துக் கிடக்கும் நிலவேம்பைப் பிடுங்கி அம்மா கசாயம் வைப்பார். மலாய்க்காரர்கள் அதைத்தான் ஹெம்பெடு பூமி என்பார்கள், பூமியின் பித்தம் என்று பொருள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததும் அம்மா உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி வைப்பார், நக்கிக்கொள்வோம். கசப்பு தனி, இனிப்பு தனி. மருந்து குடிக்க அது சரியான வழி. உங்கள் கிளாசிலும் அதேதான் நடந்திருக்கிறது. ஆனால் ஓல்டு ஃபேஷன்டில் கசப்பும் இனிப்பும் முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை ஒன்றாகவே வர வேண்டும். அந்த ஒற்றுமைக்காகத்தான் பிட்டர்ஸே.

இது நான் சொல்லும் இலக்கணம் இல்லை. 1806 மே மாதம் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றில், காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டதற்கு ஆசிரியர் சொன்ன பதிலே இதுதான்: ஏதாவது ஒரு மது, சீனி, தண்ணீர், பிட்டர்ஸ். நான்கே பொருள். ஓல்டு ஃபேஷன்ட் இன்றைக்கும் அந்த நான்குதான். நான்கில் ஒன்று தனியே நின்றாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

பெருங்காயத்தை நினைத்துப் பாருங்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்தால் மூக்கைச் சுளிப்போம். ரசத்தில் அளவாகப் போட்டால் பெருங்காயம் என்று தனியே தெரியாது, ரசம் ரசமாக இருக்கும். போடாவிட்டால் மட்டும் 'என்னவோ குறையுதே' என்போம். பிட்டர்ஸின் வேலையும் அவ்வளவுதான். பர்பன் சும்மாவே இனிப்பு வாடை உள்ளது. அதன் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும் என்பது சட்டம். வெனிலா வாசனை அந்தப் பீப்பாயிலிருந்து வருகிறது. அதன்மேல் வெறும் சீனியைப் போட்டால் மிட்டாய்த் தண்ணீர் ஆகிவிடும். இரண்டு டேஷ், அதாவது இரண்டு உதறு அங்கோஸ்துரா அந்த இனிப்பைப் பிடித்து நிறுத்தி, கிராம்பு, பட்டை வாசனையை அடியில் போட்டுவிடும்.

சரி, சீனிக்கு வருவோம். சீனி தண்ணீரில் கரையும், சாராயத்தில் லேசில் கரையாது. குளிர்ந்துவிட்டால் இன்னும் மோசம். நீங்கள் கட்டியைப் போட்டு, பிட்டர்ஸை விட்டு, நேரே விஸ்கியும் ஐஸும் கொட்டியிருப்பீர்கள். கட்டி அடியில் உட்கார்ந்துவிட்டது. கட்டிதான் வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் பிட்டர்ஸை விட்டு, ஒரு சின்னக் கரண்டி தண்ணீர் சேர்த்து, கிளாசின் அடி வழவழப்பாகும்வரை நசுக்குங்கள். பிறகு கொஞ்சம் விஸ்கி விட்டுக் கலக்கி, அதற்கப்புறம் ஐஸ், மீதி விஸ்கி. வீட்டில் இதைவிடச் சுலபம், பாகு காய்ச்சி வைத்துக்கொள்வது. இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர், கரைந்ததும் இறக்கிவிடலாம். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஒரு சீனிக்கட்டிக்குச் சமம். 60 மில்லி பர்பனுக்கு அது போதும்.

எனக்குப் பிடித்தது குலா மெலாக்கா, அதாவது தென்னஞ்சர்க்கரைப் பாகு. நம் சந்தையில் கிடைக்கும் நல்ல கட்டியைச் சீவி, அதே அளவு தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். தூசி, நார் எல்லாம் நிற்கும். அந்தப் புகை கலந்த தென்னம்பதநீர் வாசனையும் பீப்பாய் வாசனையும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் அது கனமான இனிப்பு. அதற்கு இரண்டு டேஷ் பத்தாது, மூன்று போடுங்கள். இதை எந்த பாரிலும் கற்கவில்லை, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபின் என் சமையல்கட்டில் கண்டுகொண்டது.

அடுத்து ஐஸ். நம் ஊர் ஐஸ் கடையில் பையில் விற்பது நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ். உள்ளும் புறமும் உருகும். இந்த வெயிலில் ஐந்து நிமிடத்தில் பானம் நீர்த்துவிடும், அப்போது பிட்டர்ஸின் வாசனை போய் வெறும் கசப்பு மட்டும் மிஞ்சும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் பெரிய கட்டி கிடைக்கும். கிளாசுக்கு ஒன்று. அரை நிமிடம் கலக்கிவிட்டு, சன்கிஸ்ட் ஆரஞ்சுத் தோலை வெள்ளை வராமல் சீவி, மேலே முறுக்கி அதன் எண்ணெயைத் தெறிக்க விடுங்கள்.

இப்போது டேஷ். இதில்தான் அனுபவசாலிகளும் தவறுவார்கள். டேஷ் என்றால் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு உதறு. புத்தகங்களில் ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவு என்று இருக்கும். என் பேரனுக்குக் கிளினிக்கில் மருந்துக்குக் கொடுத்த ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து வீட்டில் அளந்து பார்த்தேன். புதிதாகத் திறந்த பாட்டிலில் பத்து டேஷ் 6 மில்லிதான் வந்தது. பாதி காலியான பாட்டிலில் அதே பத்து 8 மில்லியைத் தாண்டியது. நிறைந்த பாட்டிலில் உள்ளே காற்றுக்கு இடமில்லை, திரவம் வெளியே வரத் தயங்குகிறது. காலியாகக் காலியாகத் தாராளமாகக் கொட்டுகிறது. அதனால் 'எப்போதும்போல இரண்டு டேஷ்தானே போட்டேன், இன்றைக்கு ஏன் கசக்கிறது' என்ற கேள்வி வரும். பாட்டிலைப் பாருங்கள், அடி மட்டத்தில் இருக்கும். உதறும்போது தயங்கவும் கூடாது. பாதி மனதோடு சாய்த்தால் இரண்டு சொட்டு விழும், பயந்து நிமிர்த்துவோம், அதை ஒரு டேஷாக எண்ணிவிடுவோம். நேராகக் கவிழ்த்து, மணிக்கட்டால் ஒரே உதறு, நிமிர்த்து.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் என் முதல் பார் தலைவர், ஹைனான் சீனர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, விருந்தினர் கேட்ட மேன்ஹாட்டனில் (விஸ்கி, வெர்மூத் என்ற மூலிகை ஒயின், பிட்டர்ஸ் சேர்ந்த காக்டெயில்) எத்தனை டேஷ் போட்டேன் என்ற எண்ணிக்கை மறந்து மேலும் இரண்டு போட்டுவிட்டேன். அவர் ஒரு ஸ்ட்ராவால் ஒரு துளி எடுத்துச் சுவைத்தார். ஒன்றும் சொல்லாமல் அதைக் கொட்டினார். மறுநாள் காலை பார் திறக்குமுன் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு பிட்டர்ஸ் பாட்டிலும் என் முன் வைத்து, நூறு முறை உதறச் சொன்னார். ஒவ்வொரு பத்துக்கும் அளந்து எழுத வேண்டும். 26 வருடம் பாரில் நின்றேன், அந்த ஒரு காலைதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

சரி, எந்த பிட்டர்ஸ்?

உங்களிடம் இருக்கும் அங்கோஸ்துராவையே முதலில் நன்றாகப் பழகுங்கள். மஞ்சள் மூடி, பாட்டிலைவிடப் பெரிய லேபிள். 1824இல் யோஹான் சீகெர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், வெனிசுவேலாவில் விடுதலைத் தலைவர் பொலிவாரின் படைக்கு மருத்துவராக இருந்தபோது, வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக இதை உருவாக்கினார். அங்கோஸ்துரா என்பது அந்த ஊரின் பெயர், பிற்பாடு சியுடாட் பொலிவார் ஆகிவிட்டது. அங்கோஸ்துரா என்றே ஒரு மரப்பட்டை உண்டு, ஆனால் அது இந்தப் பாட்டிலில் இல்லை. 1875இல் குடும்பத்தார் தொழிலை டிரினிடாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கேதான் தயாராகிறது. கசப்பு ஜென்ஷன் என்ற ஐரோப்பிய மலைச் செடியின் வேரிலிருந்து வருகிறது. மற்ற சரக்குகள் ரகசியம். சாராய அளவு 44.7 சதவீதம், விஸ்கியைவிடக் குறைவில்லை. துளித்துளியாகப் போடுவதால்தான் தெரிவதில்லை.

இந்தப் பாட்டில் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஆங்கிலத் துரைமார் தோட்டத்துக் கிளப்புகளில் மாலையில் கேட்டவை இரண்டு. ஒன்று ஸ்தெங்கா, மலாயில் செதெங்கா, பாதி விஸ்கி பாதி சோடா. இன்னொன்று ஜின் பாஹிட். பாஹிட் என்றால் கசப்பு. கிளாசில் இதே அங்கோஸ்துராவைச் சில துளி விட்டு, சுவரெல்லாம் படச் சுழற்றி, ஜின்னை ஊற்றுவார்கள். அப்படியொரு கிளப்பில் பையனாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர், சுழற்றிய பின் மிச்சத்தை வெளியே உதறச் சொல்லும் துரையும் உண்டு, உள்ளேயே விடச் சொல்லும் துரையும் உண்டு, யாருக்கு எது என்று நினைவில் வைத்துக்கொள்வதுதான் வேலையே என்று எனக்குச் சொன்னார். உள்ளே விடுவதற்கும் உதறுவதற்கும் உள்ள வித்தியாசம் அரை டேஷ்கூட இருக்காது. அது நாக்குக்குத் தெரிகிறது, அதுதான் பிட்டர்ஸ்.

இரண்டாவதாக வாங்குவதானால் ஆரஞ்சு பிட்டர்ஸ். அங்கோஸ்துரா நிறுவனத்தின் ஆரஞ்சும் உண்டு, ரீகன்ஸ் என்ற பெயரில் வருவதும் உண்டு. ரீகன்ஸில் ஏலக்காய் வாசனை தூக்கலாக இருக்கும், நம் மூக்குக்கு உடனே பிடிபடும். இது ஸ்காட்சுக்கு நல்ல துணை. ஸ்காட்ச், இனிப்பு வெர்மூத் சேர்ந்த ராப் ராயில் வழக்கம் அங்கோஸ்துராதான். ஆனால் தேன் வாடையுள்ள மென்மையான ஸ்காட்ச் என்றால் நான் ஒரு டேஷ் அங்கோஸ்துரா, ஒரு டேஷ் ஆரஞ்சு என்று பிரித்துப் போடுவேன். புகை வாடையுள்ள ஸ்காட்ச் என்றால் ஆரஞ்சு மட்டும். புகையும் கிராம்பும் ஒரே கிளாசில் மோதிக்கொள்ளும். ஐரிஷ் விஸ்கியில் மேன்ஹாட்டன் செய்தாலும் ஆரஞ்சு பொருந்தும்.

மூன்றாவது பெய்ஷோ. நியூ ஆர்லியன்ஸில் மருந்துக்கடை வைத்திருந்த அந்துவான் பெய்ஷோ என்பவர் செய்தது. சிவப்பு நிறம், சோம்பு வாசனை, அங்கோஸ்துராவைவிட லேசு. சாசராக் என்ற காக்டெயில் வேண்டுமென்றால் இதைத் தவிர்க்க முடியாது. முதலில் அது கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியில் செய்த பானம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூச்சி தாக்கி பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் அழிந்தபோது, ரை தானியத்தில் செய்யும் ரை விஸ்கிக்கு மாறியதாம். 60 மில்லி ரை, ஒரு சீனிக்கட்டி, மூன்று நான்கு டேஷ் பெய்ஷோ. ஐஸில் கலக்கி வடித்து, சோம்பு வாசனையுள்ள அப்சிந்த் மது தடவிய கிளாசில் ஐஸ் இல்லாமல் ஊற்றி, எலுமிச்சைத் தோல். சோம்பும் சோம்பும் சேர்கிறது, அதனால்தான் பெய்ஷோ. அங்கோஸ்துரா போட்டால் அது வேறு பானம். ஆனால் இந்த ஒரு பானத்துக்காக இப்போதே கோலாலம்பூரெல்லாம் அலைந்து பெய்ஷோ தேட வேண்டாம். சாக்லேட், வால்நட் என்று இப்போது வரும் பாட்டில்களும் பிறகு ஆகட்டும்.

வாங்குவதற்கு முன், அல்லது வாங்கிய அன்றைக்கே, ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பிட்டர்ஸையும் தனித்தனி கிளாஸ் வெறும் சோடாவில் இரண்டு டேஷ் விட்டு முகர்ந்து, ஒரு வாய் குடியுங்கள். பாட்டிலிலிருந்து நேரே நக்கிப் பார்த்தால் கசப்பு நாக்கை அடைத்துவிடும், வாசனை தெரியாது. சோடாவில் விரியும். பிறகு விஸ்கியைத் தனியே முகருங்கள். அதில் இல்லாதது எந்தக் கிளாசில் இருக்கிறதோ அதைச் சேருங்கள். ரை விஸ்கியில் மிளகுக் காரம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு இரண்டு டேஷுக்கு மேல் தேவைப்படாது. பர்பன் மூன்றுவரை தாங்கும்.

மேன்ஹாட்டன் கசந்தாலோ புளித்தாலோ வெர்மூத்தைச் சந்தேகப்படுங்கள். வெர்மூத் ஒயின் வகை. திறந்தபின் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அலமாரியில் வைத்த வெர்மூத் சில வாரத்தில் கெட்டுவிடும். எத்தனை வீட்டில் இந்தப் பழி பிட்டர்ஸ்மேல் விழுகிறது தெரியுமா! பிட்டர்ஸுக்கு ஐஸ் பெட்டி வேண்டாம், வருடக்கணக்கில் வெளியே இருக்கும்.

விஸ்கி சவரில் (விஸ்கி, எலுமிச்சை, சீனி சேர்ந்த பானம்) முட்டை வெள்ளைக்கரு சேர்த்தால் அங்கோஸ்துராவை உள்ளே விடாமல் நுரையின் மேலே மூன்று சொட்டு விடுங்கள். குடிக்கும்போது மூக்குதான் முதலில் கிளாசுக்குள் போகிறது. முட்டைக் கவிச்சி அடங்கி கிராம்பு வாசனை வரும்.

எல்லாம் துளிக்கணக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். நியூயார்க் பார்மன் ஜுசெப்பே கொன்சாலஸ் உருவாக்கிய டிரினிடாட் சவர் என்றொரு பானத்தில் அங்கோஸ்துரா மட்டும் 45 மில்லி, ரை வெறும் 15 மில்லி, கூடவே பாதாம் பாகும் எலுமிச்சையும். குடித்தால் கசாயமாக இருக்காது. காரணம் அந்தப் பாதாம் பாகு, 30 மில்லி. கசப்புக்கு ஈடாக இனிப்பு நிற்கிறது. உங்கள் முதல் கிளாசில் இல்லாதது அதுதான்.

வீட்டிலேயே பிட்டர்ஸ் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். சீனப் பெருநாள் மாண்டரின் தோலைக் காயவைத்து, கடையில் வாங்கிய நல்ல ஓட்காவில் கிராம்போடு இரண்டு வாரம் ஊறவைத்து நானும் செய்திருக்கிறேன், நன்றாகவே வந்தது. ஆனால் கசப்புக்கென்று சிங்கோனாப் பட்டையைத் தொடாதீர்கள், அளவு மீறினால் காது இரையும், தலை சுற்றும், இன்னும் மோசமும் ஆகும். நிலவேம்பும் சீனி வியாதி, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒத்துவராது. ஊறவைக்க லேபிள் இல்லாத சாராயம் வேண்டவே வேண்டாம். சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை தோட்டக் குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது என்று பார்த்து வளர்ந்தவன் நான். மெத்தனால் கலந்த போலிச் சரக்கு குடித்து 2018இல் சிலாங்கூரில் பலர் இறந்தார்கள். நான் இந்தத் தொழிலை நேசித்தது, 60 மில்லியை ஒரு மணி நேரம் ருசித்துக் குடிக்க ஒருவருக்குக் காரணம் கொடுக்கிறது என்பதால்தான்.

தீபாவளிக்கு வருவோம். எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் கலக்கிக்கொண்டு நின்றால் நீங்கள் விருந்தில் உட்காரவே முடியாது. மேன்ஹாட்டனை மொத்தமாகச் செய்துவிடுங்கள். ரை 480 மில்லி, கிடைக்காவிட்டால் பர்பன். புதிதாகத் திறந்த இனிப்பு வெர்மூத் 240 மில்லி. தண்ணீர் 160 மில்லி, ஐஸ் உருகிச் சேர வேண்டியதை நாமே சேர்க்கிறோம். எட்டுப் பேருக்குப் பதினாறு டேஷ் என்று உதறாதீர்கள். சிரிஞ்சில் 10 மில்லி அங்கோஸ்துரா அளந்து விட்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் எல்லாவற்றையும் கலந்து, ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு கரண்டி சுவையுங்கள். குளிர்ந்தபின்தான் சுவைக்க வேண்டும், ஏனென்றால் குளிரில் இனிப்பு அடங்கிவிடும். இனிப்பு இன்னும் முன்னே நின்றால் ஒவ்வொரு மில்லியாக 13 வரை போகலாம். பலகாரத்தோடு குடிப்பதால் 12க்கு அருகில் நிற்கும் என்று நினைக்கிறேன். ஆளுக்கு 110 மில்லி வரும். வண்டி ஓட்டி வருபவர்களுக்கும் 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் இதில் பங்கில்லை. சோடாவில் பிட்டர்ஸ் விட்டும் கொடுக்க வேண்டாம், துளியானாலும் அது சாராயம், முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள். இவர்களுக்கெல்லாம் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு அசாம் பொய் (உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பிளம்) போட்டு, அதே பெரிய ஐஸ் கட்டியோடு அதே மாதிரி கிளாசில் கொடுங்கள்.